ஒரு சாலும் நான் விழுங்கிய நான்கு வாக்கியங்களும்

கச்சேரியில் மொழிபெயர்ப்பாளருக்கு நாற்காலி கிடையாது. புதிதாக வந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் நியமன உத்தரவில் இதை யாரும் எழுதுவதில்லை. மாஜிஸ்ட்ரேட்டுக்கு நாற்காலி உண்டு, வக்கீலுக்கு உண்டு, குமாஸ்தாவுக்கு ஒரு முக்காலியாவது உண்டு. குற்றம் சாட்டப்பட்டவருக்கே கூண்டின் கட்டை இருக்கிறது, சாய்ந்துகொள்ளலாம். நமக்கு இரண்டு கால்கள் மட்டுமே. அவற்றின் மேல் இருபத்தேழு வருஷம் நின்றுவிட்டு இப்போது ஓய்வு பெற்றிருக்கிறேன். எனக்கு உட்காரத் தெரியவில்லை என்று வீட்டில் புகார்.

இந்த வேலைக்கு என்னென்ன படிக்க வேண்டும் என்று கேட்டீர்கள். அகராதிகளின் ஜாபிதா ஒன்றை எதிர்பார்த்திருப்பீர்கள். என்னிடம் ஓர் அலமாரி நிறைய அகராதிகள் இருக்கின்றன. அவற்றின் துணையோடுதான் ஒரு முறை ஒரு நல்ல மனிதரை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தேன். அதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். ஜாபிதா பிறகு தருகிறேன்.

நம் தோல் வட்டாரம் வார்த்தைப் பைத்தியம் பிடித்தவனுக்கு ஏற்ற இடம். காலையில் பேரணாம்பட்டு மண்டியில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். உருதுவில் கிளம்பிய வாக்கியம் தமிழில் நடந்து தெலுங்கில் போய் உட்காரும். பேசுகிறவர்களுக்கு அதில் ஒரு பேஜாரும் இல்லை. வாங்குகிறார்கள், விற்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், சேர்ந்து காப்பி குடிக்கிறார்கள். இதையெல்லாம் பாஷை பாஷையாகப் பிரித்து இங்கிலீஷில் கொட்ட வேண்டியவனுக்குத்தான் தலைவலி. எனக்கோ அந்தத் தலைவலியே ஆனந்தம்! அப்போது இருபத்தெட்டு வயது, நான்கு பாஷை, தலைக்கனத்துக்குக் கேட்க வேண்டுமா? என் மனைவி மட்டும் அதில் மயங்கவில்லை. "தண்ணிக்கு நாலு பாஷைல பேர் தெரியுது, ஒரு குடம் தூக்கத் தெரியல" என்பாள்.

என் உத்தியோகம் அப்போது தற்காலிகம். அதைக் காயம் செய்து நிரந்தரமாக்கும் காகிதம் ஆறு மாதமாக மேஜைக்கு மேஜை யாத்திரை போய்விட்டு, கடைசியாக எங்கள் மாஜிஸ்ட்ரேட்டின் மேஜைக்கு வந்து சேர்ந்திருந்தது. எந்த ஊர்க் கச்சேரி என்று சொல்ல மாட்டேன். வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாஜிஸ்ட்ரேட் சீமையிலிருந்து புதிதாக வந்த இளம் துரை. தமிழ் அரைகுறை, தெலுங்கும் உருதுவும் சுத்தமாக இல்லை. ஆனால் அவருக்கும் என் வியாதிதான். சிவப்பு அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று வைத்திருந்தார். நல்ல வார்த்தை எதுவும் காதில் விழுந்தால் வழக்கை அப்படியே நிறுத்திவிட்டு அதில் எழுதிக்கொள்வார். ஒரே வியாதிக்காரர்கள் இரண்டு பேரை ஒரே அறையில் விடக்கூடாது என்பது வைத்தியர்களுக்குத் தெரியும், சர்க்காருக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு வந்தது ஒரு திருட்டு வழக்கு. நரசப்பா என்பவர் சித்தூர்ப் பக்கத்து மலையடிக் கிராமங்களில் தோல் சேகரித்து, மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு பேரணாம்பட்டுக்கு வந்து விற்கிறவர். வீட்டுப் பேச்சு தெலுங்கு. மண்டியில் லத்தீப் சாயபு என்ற தரகர் அவருடைய சரக்குக்கு விலை பேசினார். பேசி முடித்ததாக நினைத்துக்கொண்டு சாயபு தொழுகைக்குப் போனார். திரும்பி வந்தால் தோலும் இல்லை, வண்டியும் இல்லை. அன்று சாயங்காலமே ஆம்பூர் சாலையில் நரசப்பாவை வண்டியோடு பிடித்தார்கள். விற்ற சரக்கை வாங்கியவருக்குத் தெரியாமல் ஓட்டிக்கொண்டு போனார் என்று குற்றச்சாட்டு. நிரூபணமானால் ஜெயில்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திருட்டுச் சரக்கு சாட்சிப் பொருள் ஆயிற்றே, அதைக் கச்சேரிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு வண்டித் தோல். உப்புப் போட்ட பச்சைத் தோல். சித்திரை மாத வெயில். கச்சேரித் தாழ்வாரத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். அந்த வாசனையை எந்தப் பாஷையிலும் மொழிபெயர்க்க முடியாது. துரை கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்து, "இந்த வழக்கு இன்றைக்கே முடியும்" என்றார். சட்டம் அல்ல, மூக்கு பேசியது.

முதலில் லத்தீப் சாயபு. தொப்பியும் வெள்ளை ஜிப்பாவும் தோளில் ஒரு பெரிய துண்டுமாக வந்து நின்றார்.

"எத்தனை காலமாக இந்தத் தொழில்?" என்று துரை கேட்கச் சொன்னார்.

"பந்த்ரா சால் ஆச்சு சாப். இதே மண்டி, இதே துண்டு."

பதினைந்து வருஷம் என்று நான் சொன்னேன். சால் என்றால் உருதுவில் வருஷம்.

"விலை பேசும்போது நீ என்ன சொன்னாய், அவர் என்ன சொன்னார்?"

சாயபு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "முன்ஷி சாப், தொரைக்குக் கொஞ்சம் சொல்லுங்க. மண்டில வெல பேசறது வாயால இல்ல. கையால."

அது உங்களுக்குத் தெரிந்ததுதான். துண்டை விரித்து அதன் கீழே இரண்டு கைகளும் போகும். எந்த விரலைப் பிடிக்கிறார்கள், எத்தனை முறை அழுத்துகிறார்கள் என்பதுதான் விலை. பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. முகத்தைப் பார்த்தால் இருவரும் மழையைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பது போல இருக்கும். இதை நான் விளக்கியதும் துரைக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. வழக்கில் மொழிபெயர்க்கவே ஒன்றும் இல்லையா என்று சிரித்தார். எனக்குப் பிழைப்பே போய்விட்டது போலச் சுருக்கென்றது.

"ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையா?" என்று விடாமல் கேட்டேன்.

"ஒண்ணே ஒண்ணு சொன்னாரு. கைய எடுத்துட்டு, 'சாலு'ன்னாரு. சரி, திருப்தியா போச்சுன்னு நான் எழுந்து போய்ட்டேன்."

சாயபுவைச் சாட்சிகள் நிற்கும் வேப்பமரத்தடிக்கு அனுப்பிவிட்டு நரசப்பாவைக் கேட்டார்கள். ஒல்லியான, நெட்டையான மனிதர். பேசும்போது வலது கையை நீட்டி உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்பிக்கொண்டே பேசினார். தெலுங்கில் நிதானமாக, மூச்சு விட்டு விட்டுப் பேசினார். நடுவில் அந்த வார்த்தை வந்தது. அதற்குப் பிறகும் பேசினார். எனக்குக் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் மனசு அந்த வார்த்தையிலேயே தங்கிவிட்டது.

யோசித்துப் பாருங்கள்! ஒரே முற்பகலில், ஒரே கச்சேரியில், ஒருவர் வாயில் 'சால்' வருஷம், இன்னொருவர் வாயில் 'சாலு' போதும். உருதுக்காரர் முதல் எழுத்தை மெல்ல ஊதிவிடுவார், தெலுங்குக்காரர் அழுத்திச் சொல்வார். நம் எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒரே சட்டை போட்டுக்கொள்ளும். இப்படி ஒரு நாள் மறுபடி எப்போது வரும்?

நரசப்பா முடித்தார். துரை பேனாவை எடுத்துக்கொண்டு, "என்ன சொன்னார்?" என்றார்.

"சாலு என்று சொன்னதை ஒப்புக்கொள்கிறார், யுவர் ஆனர். தெலுங்கில் 'போதும்' என்று பொருள். ஆனால் இந்த வார்த்தை இருக்கிறதே..."

அந்த 'இருக்கிறதே'யில் ஆரம்பித்தேன். பாரசீகத்திலிருந்து உருதுவுக்கு வந்த சால் வேறு குடும்பம், சம்ஸ்கிருதத்தில் இலையுதிர் பருவத்தைச் சொல்லும் சரத்துக்கு அது ஒன்றுவிட்ட சகோதரம் என்று பண்டிதர்கள் சொல்கிறார்கள் என்றேன். பருவத்தை எண்ணி வருஷத்தை எண்ணிய காலம் போலும் என்றேன். துரை சிவப்பு நோட்டை எடுத்தார். தெலுங்கு சாலு நம் வீட்டுப் பிள்ளை, தமிழில் சால் என்றால் நிறைதல், சாலச் சிறந்தது என்கிறோமே அந்தச் சால, சான்றோர் என்பதும் அதில் பிறந்தது என்றேன். கச்சேரியில் நாம் வாங்கும் சான்றும் அதில் பிறந்ததுதான் என்று சொல்கிறவர்கள் உண்டு என்றேன். "சாட்சியத்துக்கே அந்த வார்த்தையா!" என்று துரை நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். உழவன் ஏரால் கீறும் கோடு தமிழிலும் தெலுங்கிலும் சால். கவலைக் கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் பெரிய இரும்பு வாளியும் சால், அதன் அடியில் தொங்கும் தோல் வால் நம் ஆம்பூர்ப் பக்கத்துத் தோலில் தைத்ததாகவும் இருக்கலாம் என்று ஊர்ப் பெருமையையும் சேர்த்துக்கொண்டேன். துரை தன் பங்குக்கு, பெண்கள் தோளில் போடும் சால்வை என்றார். அது வேறு வார்த்தை, ஷகரத்தில் தொடங்குவது. அந்த வேகத்தில் எங்களுக்கு அதெல்லாம் ஒரு தடையா? அதையும் எழுதிக்கொண்டார்.

இத்தனை நேரமும் நரசப்பா கூண்டில் நின்று என் முகத்தையும் துரை முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். தன்னுடைய நாலு பேச்சுக்கு இங்கிலீஷில் இவ்வளவு நீளமா என்று நினைத்திருப்பார். ஒரு சமயம் நம்பிக்கையோடு தலையைக்கூட ஆட்டினார்.

துரை நோட்டை மூடினார். முகத்தில் சிரிப்பு மிச்சமிருந்தது. பிறகு வழக்குக் காகிதத்தைப் பார்த்தார். சிரிப்பு போயிற்று.

"ஆக, விலை பேசிய முடிவில் போதும் என்று சொன்னதை அவரே ஒப்புக்கொள்கிறார். அப்படியானால் விற்றாகிவிட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு தீர்ப்பு." எழுந்தவர் என் பக்கம் திரும்பி, "நீர் சொன்னதையெல்லாம் எழுதிக் கொடும். உமது காகிதமும் மேஜையில் இருக்கிறது, இன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன்" என்றார்.

தரையில் கால் பாவவில்லை எனக்கு. தாழ்வாரத்தின் கோடியில் ஒரு தூணோரம் நின்றுகொண்டு, பலகையில் காகிதத்தை வைத்துச் சாலின் வம்ச வரலாற்றை எழுத ஆரம்பித்தேன். கட்டுச்சோறு பிரிக்காமல் கிடந்தது.

நரசப்பாவைத் தோல் அடுக்குக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்து, கான்ஸ்டபிள் முனுசாமி காவல் இருந்தார். துரை போகிறபோது, இந்த நாற்றத்துக்கு ஏதாவது செய் என்று சைகை காட்டிவிட்டுப் போயிருந்தார். முனுசாமி என்ன செய்வார்? கொஞ்ச நேரம் அடுக்கைச் சுற்றிச் சுற்றி வந்தார். மேல் தோலைத் திருப்பிப் போட்டால் நாற்றம் கீழே போய்விடும் என்று தோன்றியிருக்கிறது. ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார்.

"திப்பொத்து! திப்பொத்து!"

நரசப்பா கத்திய கத்தலில் என் மை சிந்தியது. புரட்டாதே, புரட்டாதே என்கிறார். காலையில் திருடன் என்று சொன்னபோதுகூட அந்த மனிதர் குரலை உயர்த்தவில்லை. இப்போது தோலின் மேல் குப்புறவே விழுந்துவிட்டார்.

"இன்னாய்யா இது, தோல்தானே, உன் கொழந்தயவா தூக்கினேன்!" என்று முனுசாமி பயந்து பின்வாங்கினார்.

எனக்குப் பக்கத்தில் டவாலி சேவகர் கோவிந்தன் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மாதனூர்க்காரர். அவர் வீட்டார் மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள். அவர் சிரித்தார்.

"பின்ன கத்த மாட்டாரா? பெரட்டிட்டா வித்த மாதிரி ஆயிடுமே."

"என்ன?"

"இன்னா முன்ஷி சார், நாலு பாஷை படிச்சீங்க, இது தெரியாதா? மண்டில தோலை மயிர்ப்பக்கம் மேல வெச்சுத்தான் அடுக்கியிருப்பாங்க. கைப்பேச்சு முடிஞ்சு வெல ஒத்துப்போச்சுன்னா, விக்கறவன் தன் கையால மேல்தோலப் பெரட்டி, உள்பக்கம் மேல வர்ற மாதிரி போடணும். போட்டா சரக்கு கை மாறிடுச்சு. போடாத வரைக்கும் அவன் சரக்கு. வாயால ஆயிரம் சொல்லட்டுமே, யார் கேக்கறா?"

"இதை ஏன் காலையிலேயே சொல்லவில்லை?"

"நான் டவாலி சார். என் வேலை 'சைலன்ஸ்' சொல்றது."

அந்த நிமிஷம் எனக்கு நரசப்பாவின் கை ஞாபகம் வந்தது. பேசும்போதெல்லாம் உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்பிக் காட்டிய கை. அதோடு, காலையில் காது வாங்கி மூலையில் போட்டுவைத்திருந்த வாக்கியங்களும் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. சாலு என்றேன், கையை இழுத்துக்கொண்டேன் என்றதற்குப் பிறகு அவர் சொன்னது இது. மேல் தோலை நான் புரட்டவில்லை. புரட்டாத தோல் என் தோல்தானே. விலை படியவில்லை, சாயபு திரும்பி வந்தால் மறுபடி பேசலாம் என்று வெயில் சாயும்வரை நின்றேன், வரவில்லை, ஆம்பூர் மண்டிக்கு வண்டி கட்டினேன். கடைசியாக ஒன்று.

நான்கு வாக்கியங்கள். நான்கையும் நான் விழுங்கியிருந்தேன்! ஒரு வார்த்தையை ஐந்து வம்சத்துக்கு விரித்துக் கொடுத்துவிட்டு, அந்த மனிதரைக் காப்பாற்றக்கூடிய சாதாரண வாக்கியத்தைச் சக்கை என்று ஒதுக்கியிருந்தேன்.

நரசப்பா தோலின் மேல் கிடந்தபடியே என்னைப் பார்த்தார். எல்லைப்புறத்து மனிதர்களுக்குத் தமிழும் கொஞ்சம் வரும்.

"சாமி, நான் பெரட்டலன்னு தொரைகிட்ட சொன்னீங்க இல்ல? அத்தனை நேரம் பேசினீங்களே, சொல்லியிருப்பீங்க."

பலகையிலிருந்த காகிதத்தை மடித்துக்கொண்டேன்.

இப்போது உங்களிடம் ஒரு விஷயம் வெளிப்படையாகப் பேச வேண்டும். காலையில் அந்த அறையில் தெலுங்கும் இங்கிலீஷும் சேர்ந்து தெரிந்தவன் நான் ஒருவன்தான். சாயபு மரத்தடியில் இருந்தார். குமாஸ்தா அரைத் தூக்கம். நான் விழுங்கியதைப் பார்த்தவர் யாரும் இல்லை. உள்ளே மேஜையில் என் காகிதம், அதற்குப் பக்கத்தில் திறந்த மைக்கூடு. நாம் சாமர்த்தியசாலிகள் அல்லவா, சாமர்த்தியமான வழிகளும் உடனே தோன்றின. 'யுவர் ஆனர், ஒரு சிறு விளக்கம்' என்று ஆரம்பித்து, தவறு என்ற சொல்லே வராமல் நழுவிவிடலாம். வழக்கில் புதுத் தகவல் கிடைத்ததாகக் கோவிந்தனை முன்னால் தள்ளிவிடலாம். ஆனால் புதுத் தகவல் என்றால், நரசப்பா காலையில் அதைச் சொல்லவே இல்லை, இப்போது யாரோ சொல்லிக்கொடுத்துப் பேசுகிறார் என்று ஆகிவிடும். அவர் சொன்னார் என்பது நிற்க வேண்டுமானால் நான் விழுங்கினேன் என்பதும் நிற்க வேண்டும். அதைச் சுற்றிக்கொண்டு போக வழி இல்லை. தேடிப் பார்த்தேன், உண்மையாகவே தேடினேன்.

துரை வந்து உட்கார்ந்து கைக்குட்டையை எடுத்தார். கோவிந்தன் சைலன்ஸ் சொன்னார்.

"யுவர் ஆனர், காலையில் நான் விழுங்கிவிட்டேன்."

"எதை?"

"நான்கு வாக்கியங்களை."

"சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா?" என்றார். என் வம்ச வரலாற்றை வாங்கக் கையை நீட்டியிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கையை மடக்கிக்கொண்டார்.

"எழுதியதை அடித்துவிட்டு மறுபடியும் அவரைக் கேட்க வேண்டும். அவர் சொன்னதை நான் சொல்லவில்லை. எனக்குப் பிடித்ததை மட்டும் சொன்னேன்."

துரை கோபக்காரர் அல்ல. கோபித்திருந்தால் தேவலை. சிவப்பு நோட்டைப் பார்த்தார், பிறகு அதை எடுத்து இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். அவருக்கும் அதில் பங்கு உண்டு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நரசப்பாவை மறுபடியும் சொல்லச் சொன்னார். இந்த முறை நான் ஒவ்வொரு வாக்கியமாக, எறும்பு தானியம் தூக்குவது போல, ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். கையைத் திருப்பியதையும் சொன்னேன். புரட்டாத தோல் என் தோல்தானே என்ற வாக்கியத்தில் துரையின் பேனா நின்றது. மிச்சத்தைக் கேட்க அவர் காத்திருக்கவில்லை.

"தரகரைக் கூப்பிடு."

லத்தீப் சாயபு வந்தார்.

"சாயபு, நீர் எழுந்து போகும்போது மேல் தோல் எந்தப் பக்கம் இருந்தது?"

"மயிர்ப்பக்கம் மேல இருந்துச்சு சாப்."

"புரட்டவில்லையா?"

"இல்ல. அவரு பெரட்டல. சாலுன்னாரு, பெரட்டிடுவாருன்னு நெனச்சேன். தொழுகைக்கு நேரமாச்சு, ஓடினேன். அங்கேர்ந்து தோல் பதனிடற ஷாப்பு ஆள் வந்து கூட்டிட்டுப் போய்ட்டான்."

"இதை ஏன் காலையில் சொல்லவில்லை?"

சாயபு நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "கேட்டாதானே சொல்றது! பந்த்ரா சால்ல தோலப் பத்தி ஒரு பொய் சொன்னதில்ல நானு. காலைல தொரையும் முன்ஷி சாபும் அவரு என்னா சொன்னாரு, என்னா சொன்னாருன்னே கேட்டீங்க. என்னா செஞ்சாருன்னு யாரு கேட்டீங்க? தோலக் காணோம்னுதான் நான் ஸ்டேஷன்ல சொன்னேன். திருட்டுன்னு நான் சொல்லல." கூண்டுப் பக்கம் திரும்பினார். "யோவ் நரசப்பா, நீயாவது எனக்காக ஒரு மணி நேரம் நின்னிருக்கலாம்ல?"

"நின்னேன்" என்றார் நரசப்பா. "வெயிலு சாயிற வரைக்கும் நின்னேன். அதையும் சொன்னேன்."

இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

துரை எழுதினார். குற்றம் ஏதும் இல்லை, சரக்கையும் வண்டியையும் மாடுகளையும் அவரிடமே ஒப்படைக்க வேண்டும் என்று வாசித்தார். நான் அதைத் தெலுங்கில் சொன்னேன். நரசப்பா கூண்டின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

என் காகிதம்? அன்றைக்குக் கையெழுத்து ஆகவில்லை. நான்கு மாதம் கழித்து வந்தது. ஓரத்தில் துரை ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: 'நம்பத்தக்கவர். குறைவாகப் பேசினால் இன்னும் நம்பத்தக்கவர்.' அதைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்றேன். நாலு பாஷையிலும் மாட்டுங்கள் என்றாள் என் மனைவி.

அதற்குப் பிறகு வார்த்தைப் பைத்தியம் தெளிந்துவிட்டதா என்று கேட்பீர்கள். தெளியவில்லை. நேற்றுக்கூட ஒரு வார்த்தையைத் துரத்திக்கொண்டு போய்ச் சாப்பாட்டைக் கோட்டைவிட்டேன். உங்களுக்கும் தெளிய வேண்டாம், இந்த வேலையில் வேறு சந்தோஷம் கம்மி. வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கச்சேரியில் மட்டும், எதிரே நிற்கிறவர் வாயை மூடிய பிறகு, எந்த வாக்கியம் உங்களுக்குச் சுவாரசியமே இல்லாமல் இருந்ததோ அதை முதலில் சொல்லுங்கள். நான் இருபத்தேழு வருஷம் அப்படித்தான் செய்தேன். அன்றைக்குப் பிற்பகலிலேயே ஆரம்பித்துவிட்டேன், ஏனென்றால் துரை காகிதங்களைக் கட்டிக்கொண்டு எழுந்தபோது, விழுங்கியதில் ஒன்று இன்னும் என் தொண்டையில் நின்றது. தீர்ப்பு வந்த பரபரப்பில் மறுபடியும் அது விட்டுப்போயிருந்தது.

"யுவர் ஆனர், நான்காவது வாக்கியம் பாக்கி."

துரை மறுபடி உட்கார்ந்தார். "வழக்கு முடிந்துவிட்டதே. அது முக்கியமா?"

"எனக்குத் தெரியாது. அவர் சொன்னார், அதனால் சொல்கிறேன். தன் மாடுகளுக்கு யாராவது தண்ணீர் காட்டினார்களா என்று கேட்டார்."

துரை கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு முனுசாமியைப் பார்த்தார். முனுசாமி விறைத்து நின்று சலாம் வைத்தார்.

"காட்டிட்டேன் சார். ஸ்டேஷனுக்குப் பின்னால கவலைக் கெணறு இருக்குது. காலைல ரெண்டு சால் எறச்சுத் தொட்டில ஊத்தினேன். ரெண்டு மாடும் மிச்சம் வெக்காம குடிச்சுது."

இதை நான் தெலுங்கில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நரசப்பாவுக்குப் புரிந்துவிட்டது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அதன் உள்ளிருந்தே சொன்னார்.

"சாலு சாமி. சாலு."

துரையின் கை தானாகவே இழுப்பறைப் பக்கம் போயிற்று. சாவியைத் தொட்டுக்கொண்டு, கண்கள் பளபளக்க என்னைப் பார்த்தார். இரண்டு சால்! ஒரே மூச்சில், ஒன்று வாளி, ஒன்று போதும்! என் நாக்கின் நுனியில் ஐந்து வம்சமும் வந்து வரிசையில் நின்றன.

"போதும் என்கிறார், யுவர் ஆனர்" என்றேன்.